ஓடாமல் நின்ற கார்

"சாமான் பழசுதான், ஆனால் ஓட்டம் குறைவு." பழைய கார் விற்கும் எவரிடமும் இந்த வார்த்தையைக் கேட்கலாம். ஓட்டம் குறைவு என்றால் தேய்மானம் குறைவு, தேய்மானம் குறைவு என்றால் செலவும் குறைவு என்று வாங்குபவரும் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார். இந்தக் கணக்குப் பாதிதான் சரி. காரில் பிஸ்டனும் பற்சக்கரமும் கிலோமீற்றரைக் கணக்கு வைக்கின்றன. றப்பரும், பிறேக் ஒயிலும், பெற்றோலும், கறளும் வருடத்தைக் கணக்கு வைக்கின்றன. கார் ஓடினாலும் ஒன்றுதான், கொட்டிலில் நின்றாலும் ஒன்றுதான், வருடம் போய்க்கொண்டே இருக்கும். சில பாகங்கள் ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போது விரைவாகக் கெட்டுப்போகின்றன.

பெண்கள் இதழில் கார் திருத்துவது பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் எமது சகோதரிகளில் சிலர் இப்போது சிறு தொழிலுக்காகவும், நடக்க முடியாத உறவினரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்காகவும் பழைய கார் ஒன்றை வாங்க முன்வருகின்றனர். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையும் ஏறிவிட்டது. இறக்குமதி தொடங்கிய பின்னரும் வரி காரணமாகப் புதிய கார் எம்மவர்க்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே சீட்டுப் பிடித்து, கடன் எடுத்து, காதிலும் கழுத்திலும் இருந்ததை விற்று வாங்குவது முப்பது வயதுக் காராகத்தான் இருக்கும். அந்தப் பணம் இரண்டாம் தடவை வராது.

வடக்கில் இப்படி நின்றுபோன கார்களுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, முதியவர்கள் வளவுக்குள் கிடுகுக் கொட்டில் போட்டு, சில்லுகளைக் கழற்றிக் கல்லில் ஏற்றிவைத்த கார்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின்போது அப்படியே விட்டுச் சென்றவையும் உண்டு. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து, "இனி வேண்டாம்" என்று துணியால் மூடிவிட்டவையும் உண்டு.

வாங்கும் முன்னர்

கிளிநொச்சி மாவட்டத்தில் வாழும் ஒரு சகோதரி கடந்த வருடம் இப்படி ஒரு காரை வாங்கினார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2009 இல் கணவரை இழந்தவர். மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா ஆகியவற்றைத் திரித்துப் பொதி செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். தாயாருக்கு நடக்க முடியாது. கிளினிக் நாளில் தாயாருக்கு ஓட்டோ, மறுநாள் மாப்பொதிகளுக்கு ஓட்டோ என்று உழைப்பில் பெரும்பகுதி வாடகைக்கே போய்க்கொண்டிருந்தது. கார் யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருடையது. 1988 இல் செய்யப்பட்ட 1300 சீசீ ஜப்பான் கார், காபரேற்றர் உள்ளது. மீற்றரில் 71,000 கிலோமீற்றர். 2022 இன் நடுப்பகுதியில் கடைசியாக ஓடியது.

71,000 என்பது உண்மைதானா? மீற்றரை மாற்றிவைப்பது பெரிய வித்தை அல்ல. அத்துடன் பழைய கார்களில் பல ஐந்து இலக்க மீற்றர் கொண்டவை. 99,999 தாண்டியதும் மீண்டும் பூச்சியத்தில் தொடங்கிவிடும். ஆகவே மீற்றரை விட்டுவிட்டுக் காலும் கையும் படும் இடங்களைப் பார்க்க வேண்டும். பிறேக், கிளச் மிதிகளின் றப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, சாரதி ஏறி இறங்கும் பக்கத்துக் கதிரை விளிம்பு கிழிந்திருக்கிறதா, ஸ்ரேறிங் வளையம் பளபளக்கிறதா, திறப்பின் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா? மிதி றப்பர் தேய்ந்து இரும்பு தெரியும் கார் 71,000 மட்டுமே ஓடியிருக்க முடியாது. கதவு ஓரத்திலும் பொனற்றுக்குக் கீழும் பழைய சேர்விஸ் ஒட்டுத்துண்டுகள் இருந்தால் அதில் திகதியும் கிலோமீற்றரும் இருக்கும். வாத்தியாரின் காரில் 2011 தொடக்கம் நான்கு துண்டுகள் இருந்தன. கணக்குப் பொருந்தியது.

இன்னொரு கேள்வி எமது பகுதிக்கே உரியது. இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியதா? 1990 களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்தபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினைப் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலத்தை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் புகையும் மணமும் இப்போதும் மூக்கில் நிற்கிறது. வேறு வழியில்லாமல் செய்தது அது. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். தண்ணீரான ஒயிலில் பெயாரிங்குகள் தேயும். வால்வுகளில் கரி கட்டும். அந்தக் காலத்தில் வடக்கில் ஓடிய கார் என்றால் மீற்றரில் எத்தனை இருந்தாலும் என்ஜினை அனுபவமுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். இந்தக் கார் 2003 இல், ஏ 9 பாதை திறந்திருந்த காலத்தில் கொழும்பிலிருந்து வந்தது. அதனால் தப்பியது.

பத்திரங்கள் பற்றி ஒரு வார்த்தை. பதிவுப் புத்தகத்தில் உள்ள அடிச்சட்டக இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு உரிமையாளர் யார், அவர் நாட்டில் இருக்கிறாரா, இல்லையென்றால் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். போர் நடந்த பகுதியில் கை மாறி மாறி வந்த வாகனங்கள் பல. "பிறகு மாற்றித் தாறன்" என்ற பேச்சை ஏற்கக்கூடாது. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.

ஸ்ராட் பண்ண அவசரப்படாதே

விற்றவரின் மருமகன் வேறொரு காரின் பற்றரியில் வயர் கொடுத்து என்ஜினைப் பிடிக்கவைத்துக் காட்டத் தயாராக இருந்தார். சகோதரியின் மகனும் வீடுவரை தானே ஓட்டி வருவதாக நின்றான். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். பிறேக் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூட வந்த மெக்கானிக் அறுபது வயது தாண்டியவர். மறுத்துவிட்டார்.

"அண்ணை, ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பமே?" என்று சகோதரியும் கேட்டிருக்கிறார்.

"பொறு பிள்ளை. மூண்டு வருசம் படுக்கையிலை கிடந்த ஆளை எழுப்பி உடனை ஓடச் சொல்லுவியோ?"

பாரமேற்றும் வாகனத்தில் ஏற்றித்தான் கார் வந்தது. அந்தக் கூலி வீண் என்று உறவினர்கள் சொன்னார்கள். பின்னர் பின்சில்லைக் கழற்றிப் பார்த்தபோது யாரும் எதுவும் பேசவில்லை.

கனகாலம் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவரிலிருந்த ஒயில் முழுவதும் கீழே வடிந்திருக்கும். சுவர் காய்ந்து மெல்லிய கறள் பிடித்திருக்கும். அந்த நிலையில் திறப்பைத் திருப்பினால் பிஸ்டன் வளையங்கள் காய்ந்த சுவரைச் சுரண்டும். மெக்கானிக் முதலில் பழைய ஒயிலை வடித்து, பில்ற்றரை மாற்றி, புதிய ஒயில் விட்டார். நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு இரவு முழுவதும் வைத்தார். மறுநாள் பிளக் இல்லாமலே என்ஜினை ஸ்பானரால் கையால் சுற்றினார். இலகுவாகச் சுற்றியது. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலிக்கூடு இருந்தது. வயர்களில் இரண்டைக் கடித்துச் செம்பு தெரிந்தது. இதைப் பார்க்காமல் பற்றரி கொடுத்திருந்தால் முதல் எரிவது அந்த வயராகத்தான் இருக்கும்.

அடுத்தது பெற்றோல். பெற்றோல் சில மாதங்களிலேயே பழுதாகத் தொடங்கும். இலகுவில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சுவது பிசின்போல ஒட்டும். தாங்கியைத் திறந்தபோது பெற்றோல் மணம் இல்லை, பழைய வார்னிஷ் மணம் அடித்தது. அதை வடித்து, தாங்கியைக் கழற்றிக் கழுவி, பெற்றோல் வடிகட்டியை மாற்றினார்கள். என்ஜின் பிடித்தது. ஆனால் சோக்கை இழுத்துப் பிடித்தால்தான் நின்றது, சோக்கை உள்ளே தள்ளியதும் அணைந்தது. இது நின்ற கார்களில் மிகச் சாதாரணமாகக் காணும் குறை. காபரேற்றருக்குள் ஊசித்துவாரம் போன்ற ஜெற்றுகள் உள்ளன. மெதுவோட்டத்துக்கான ஜெற்றில் பிசின் அடைத்தால் பெற்றோல் போதாமல் என்ஜின் அணைந்துவிடும். சோக்கை இழுத்தால் காற்றுக் குறைந்து அந்தக் குறை மறையும். காபரேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய வாசர்கள் போட்டதும் சரியானது. ஜெற்றைக் கம்பியால் குத்தக்கூடாது. துவாரம் பெருத்தால் பிறகு பெற்றோல் குடிக்கத் தொடங்கிவிடும். சுத்தமாக்கிய பின்னும் குறை தீராவிட்டால் வெடித்த றப்பர்க் குழாய் எதனூடாகவும் காற்று உள்ளே போகிறதா என்று தேட வேண்டும்.

பெற்றோல் போகும் றப்பர்க் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஒழுகும் பெற்றோல் சூடான என்ஜின்மேல் விழுந்தால் கார் எரியும். வீட்டு வளவில் வேலை நடக்குமானால் அடுப்பு எரியும் பக்கம் பெற்றோல் வாளியை வைக்கவே கூடாது. இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைக்கலாம். எங்கள் வீடுகளில் குசினிக்கும் கொட்டிலுக்கும் இடையே எத்தனை அடி என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

என்ஜின் பிடித்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோசம். ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று தோன்றும். அந்த மெக்கானிக்கின் ஒழுங்கு வேறு. பிறேக் முடியும்வரை கார் கேற்றைத் தாண்டவில்லை.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. டொட் 3 என்ற வகைப் புதிய பிறேக் ஒயில் குறைந்தது 205 பாகை சதமளவு வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பின் அதே ஒயிலுக்கு எதிர்பார்க்கப்படுவது 140 பாகைதான். பாரத்தோடு வரும்போது அடிக்கடி பிறேக் பிடித்தால் சில்லுப் பக்கம் சூடேறி, ஒயிலிலுள்ள ஈரம் ஆவியாகி, மிதித்த கால் அப்படியே தரைவரை போய்விடும். இதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிறேக் ஒயிலை மாற்றச் சொல்வது வழக்கம். அந்த ஈரமே உள்ளே சிலிண்டர்களிலும் கறள் ஏற்றுகிறது.

பின்சில்லு இரண்டையும் கழற்றி டிரம்மைத் திறந்தபோது இடதுபுறம் ஈரமாக இருந்தது. சில்லுச் சிலிண்டரின் றப்பர் சீல் கல்லாகி, ஒயில் கசிந்து, பிறேக் பட்டைகள் அதில் ஊறியிருந்தன. ஒயில் ஊறிய பட்டை பிடிக்காது. கழுவிப் போடவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும். டிரம்மிலுள்ள கறுத்தத் தூசியை ஊதப்போன பையனை மெக்கானிக் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய பிறேக் பட்டைகள் பலவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அந்தத் தூசி சுவாசப்பைக்கு மிகக் கெடுதி. பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள்.

மிதியோடு இணைந்த பிரதான சிலிண்டரில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அதன் பிஸ்டன் கொஞ்சத் தூரமே போய்வரும். மிச்சத் தூரத்தில் கறள் பிடித்திருக்கும். புது ஒயில் விட்டுக் காற்றெடுக்கும்போது மிதியைத் தரைவரை அமுக்கினால் றப்பர் சீல் அந்தக் கறளின்மேல் போய் வெட்டுப்படும். வேலை முடிந்து இரண்டு நாளில் பிறேக் இறங்கத் தொடங்கும், மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை வரும். நல்ல கைகாரர் மிதிக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துவிட்டுத்தான் காற்றெடுப்பார். பிரதான சிலிண்டரின் சீல் தொகுதியையும் நான்கு பிறேக் குழாய்களையும் இந்த வேலையோடேயே மாற்றிவிடுவது புத்தி. குழாய் உட்புறம் வீங்கி அடைபட்டிருந்தால் வெளியே பார்த்துத் தெரியாது.

முதல் ஓட்டத்தில், கேற்றுக்கு வெளியே ஆளில்லாத ஒழுங்கையில், பிறேக் பிடித்ததும் கார் இடப்பக்கம் இழுத்தது. இடப்பக்கம் இழுத்தால் இடது முன்சில்லில் பிழை என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் மறுபக்கம்தான் பிழை. இடது பக்கம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது பக்கம் இறுகிப்போய்ப் பிடிக்கவில்லை. வலது முன்பிறேக்கின் பிஸ்டன் கறளில் சிக்கியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து புதுச் சீல் போட்டார்கள். ஓடி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அந்தப் பிறேக் விடுபடாமல் உரசிக்கொண்டு வருகிறது.

பிறேக் ஒயில் இல்லையென்று என்ஜின் ஒயிலையோ வேறு எண்ணெயையோ விடுபவர்கள் உண்டு. தொகுதியிலுள்ள எல்லா றப்பர்களும் ஊதிக் கெட்டுப்போகும். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே யாரையும் போகவிடாதீர்கள். மரக்குற்றி வைத்த பிறகு போகட்டும்.

கிணற்றுத் தண்ணீரும் றேடியேற்றரும்

குடாநாட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் எமது தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படையாகப் படிவதைப் போலவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் விட்ட காரில் குழாய்களில் பாதி அடைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வாத்தியாரின் றேடியேற்றரிலிருந்து வந்தது சிவந்த சேற்றுத் தண்ணீர். அதைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து, கீழ்க் குழாயையும் மேல் குழாயையும் மாற்றி, கூலன்ற் விட்டார்கள். வாய்ப்பில்லாதபோது சுத்தமாகப் பிடித்த மழைநீர் கிணற்று நீரைவிட நல்லது. ஆனால் கறளைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை என்பதால் கூலன்ற்றுக்கு ஈடாகாது.

கார் சூடேறும் விதத்திலேயே குறையைக் கண்டுபிடிக்கலாம். சந்தியில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் மின்விசிறியைப் பாருங்கள். நின்றால் சரி, ஏ 9 இல் தொடர்ந்து ஓடினால் ஏறுகிறது என்றால் றேடியேற்றர் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்போலப் படிந்திருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். கிட்டக்கிட்ட ஓடும் காரில் ஈரத்தினாலும் கொஞ்சம் அப்படி வரும், உடனே பதறத் தேவையில்லை. சூடான றேடியேற்றர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் பலர். ஆறும்வரை பொறுங்கள்.

எமது கராஜ்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. சூடேறுகிறது என்றதும் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவது. "எங்கடை வெயிலுக்கு இது தேவையில்லை" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. என்ஜின் தனக்குரிய சூட்டுக்கு விரைவில் வரவும் அதிலேயே நிற்கவும்தான் அந்தச் சிறு வால்வு இருக்கிறது. பல கார்களில் அது ஏறத்தாழ 82 பாகையில் திறக்கும். அது இல்லாவிட்டால் என்ஜின் குளிராக ஓடி, பெற்றோல் கூடச் செலவாகி, தேய்மானமும் கூடும். அடைப்பு வேறிடத்தில் இருக்க, காவல்காரனை வேலையிலிருந்து நிறுத்திய கதைதான்.

ரைமிங் பெல்ற்றுக்கு வருவோம். இந்தக் காரில் அது றப்பரால் ஆனது. இவ்வகைப் பெல்ற்றுகளுக்குப் பெரும்பாலும் 1,00,000 கிலோமீற்றர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 71,000 தானே, இன்னும் இருக்கிறது என்று விட்டுவிடலாமா? பெல்ற் எப்போது போடப்பட்டது என்று எழுத்தில் இல்லையென்றால் அது கார் செய்த நாளில் போட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய றப்பர். அது அறுந்தால் கார் நடுவீதியில் நின்றுவிடும், சில வகை என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜினே போய்விடும். மாற்றினார்கள்.

ரயரும் அப்படித்தான். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000 க்கு முந்தியது, காசு கேட்காமல் தந்தாலும் வேண்டாம். பத்து வருடம் கடந்த ரயரை, தேயாமல் அழகாக இருந்தாலும், மாற்றிவிடுவது நல்லது.

வீட்டில் மொறிஸ் மைனர் நிற்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்தக் கார், ஒஸ்ரின் கார்களோடு சேர்ந்து, எமது கலியாண வீடுகளையும் ஆஸ்பத்திரி ஓட்டங்களையும் தாங்கியது. அதன் பிறேக்கின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் ஒயில் மட்டம் தெரியும். காணாத இடமென்பதால் பலர் வருடக்கணக்கில் பார்ப்பதே இல்லை. முன்சில்லுகளின் மூட்டுகளுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மூட்டுத் தேய்ந்து, ஒருநாள் சில்லு அப்படியே மடிந்து விழும்.

கொப்பியும் பழைய சாமானும்

"ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?" என்று உதிரிப்பாகக் கடையில் கேட்டார்களாம். சகோதரி பதில் சொல்லவில்லை. கையில் ஒரு கொப்பி வைத்திருந்தார். திகதி, மீற்றர் எண், என்ன குறை, என்ன மாற்றியது, சாமான் விலை வேறாக, கூலி வேறாக. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி ஒரு வாளியில் போட்டு வைத்தார். கோபத்துக்காகக் கேட்கத் தேவையில்லை, "பாக்க விருப்பம் அண்ணை" என்றாலே போதும், நல்ல மெக்கானிக் சந்தோசமாகக் காட்டுவார். கல்லாகிப்போன சீலையும் வெடித்த பெல்ற்றையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் செலவின் நியாயம் தனக்கு விளங்கியது என்கிறார்.

பாவித்த சாமான் வாங்குவது தப்பில்லை. கதவுக் கைபிடி, கண்ணாடி, விளக்கு, கதிரை எல்லாம் பாவித்ததே போதும். பிறேக்கிலும், ஸ்ரேறிங் மூட்டிலும், பெல்ற்றிலும் பாவித்ததை ஏற்க வேண்டாம்.

உறவினர்கள் முதலில் பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். நாலு பேர் பார்க்கும் கார் அல்லவா? அவர் கார் விலையில் மூன்றில் ஒரு பங்கை வேலைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார், அது மெக்கானிக் முதலிலேயே சொன்ன கணக்கு. பிறேக்கும் ரயரும் பெற்றோல் குழாயும் முதல் மாதம். பெல்ற்றும் றேடியேற்றரும் அதனோடேயே. சத்தம் போடும் பின் சொக் இரண்டும் மூன்று மாதம் கழித்து. பெயின்ற் இன்னும் அடிக்கவில்லை. வலது கதவில் ஒரு பிடி கறள் தெரிகிறது, தேய்த்து அதன்மேல் கறள் தடுப்புப் பூச்சை மட்டும் தானே பூசியிருக்கிறார்.

ஓடத் தொடங்கி இரண்டாம் கிழமை புதிதாக ஒரு குறை வந்தது. நிற்கும்போது ஒழுகாத கார், ஓடத் தொடங்கிய பிறகு ஒழுகியது. காய்ந்த சீல்கள் சூடு பட்டதும் விட்டுக்கொடுப்பது வழக்கம். இரவில் காருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்து வைத்தால் காலையில் நிறம் பதில் சொல்லும். கறுப்பு அல்லது கபிலம் என்றால் என்ஜின் ஒயில். பச்சையாக, வழவழப்பாக, இனித்த மணத்தோடு இருந்தால் கூலன்ற். சில்லுக்கு உட்பக்கம் தெளிந்த மஞ்சள் எண்ணெய் என்றால் அது பிறேக் ஒயில், அன்று காரை எடுக்கவே கூடாது. தண்ணீர் மட்டும் என்றால் பெரும்பாலும் ஏசியிலிருந்து வருவது, பயமில்லை.

அவரது மட்டையில் விழுந்தது கறுப்புப் பொட்டு, ஒரு இரவுக்கு மூன்று நான்கு. என்ஜினின் பின்பக்கச் சீல். அதை மாற்றக் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும், சீலின் விலையைவிடக் கூலி பலமடங்கு. "இப்ப அவசரமில்லை பிள்ளை, கிளச் தேயேக்கை இரண்டையும் ஒண்டாய்ச் செய்வம்" என்றார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, ஒயில் அளவுக் கம்பியைத் துடைத்து விட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார். நான் போன கிழமை மட்டம் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. மாப்பொதிகள் பின் கதிரையில் அடுக்கியிருந்தன. முன் கதிரை தாயாருக்கென்று வெறுமையாக இருந்தது.